கடமானைக் காட்டுமாடு என்று சொன்ன கணினி மாதிரி: என் அனுபவம்

முதுமலையில் எடுத்த தானியங்கி கேமராப் படங்களில் விலங்குகளை இனம்பிரிக்க நான் பயிற்றுவித்த செயற்கை நுண்ணறிவு மாதிரி (model), சோதனைப் படங்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது. புதிய இடமொன்றின் இரவுப் படங்களைக் கொடுத்ததும், கடமான்களையெல்லாம் காட்டுமாடு என்றது. பயிற்சிச் சுற்றுகளைக் கூட்டினேன். பெரிய நரம்பு வலையமைப்புக்கு மாறினேன். படங்களின் வெளிச்சத்தை ஏற்றினேன். நாட்கள் வீணானதுதான் மிச்சம்.

பிறகு, ஒரு காட்டுமாட்டுப் படத்தில் விலங்கு நிற்கும் இடம் முழுவதையும் சாம்பல் நிறக் கட்டத்தால் மறைத்துக் கொடுத்தேன். அப்போதும் அதே விடை, நம்பிக்கை அளவு சற்றும் குறையாமல் வந்தது. மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது பின்னாலிருந்த உண்ணிச்செடிப் புதரையும், வெப்பநிலையும் நிலவின் பிறையும் அச்சாகியிருக்கும் கீழ்விளிம்புப் பட்டையையும்தான். ஓர் அசைவுக்குக் கேமரா அடுத்தடுத்து 3 படங்கள் எடுப்பதால், ஒன்றேபோன்ற படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்து, மதிப்பெண்ணை உயர்த்திக் காட்டியிருந்தன.

படத்தில் விலங்கு இருக்கும் இடத்தைக் கண்டறியும் மெகாடிடெக்டர் என்ற மென்பொருள் கருவியை ஓட்டி, அது விலங்கு என்று குறித்த கட்டத்தை மட்டும் வெட்டியெடுத்து, படங்களைக் கேமரா இருந்த இடத்தின்படி பயிற்சிக்கும் சோதனைக்குமாகப் பிரித்து மீண்டும் பயிற்றுவித்ததும் சிக்கல் தீர்ந்தது; பெரிய நிம்மதி. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. கட்டத்தின் இடத்தைக் குறிக்க அக்கருவி தரும் ஆயங்கள் (coordinates), படத்தின் அகல உயரங்களில் 0 முதல் 1 வரையிலான விகிதங்கள் என்பதால், பட்டையை நீக்கிய படத்தில் கண்டறிந்துவிட்டு மூலப் படத்தில் வெட்டினால், கட்டம் கீழே இறங்கிக் கடமானின் கொம்புகள் வெட்டுப்பட்டுவிடும். இரண்டையும் ஒரே படத்தில்தான் செய்ய வேண்டும்.