கைப்பிடியின் பெரும்புரிக்கு எந்த டேப்?

புரி (திருகுமரை) உள்ள கைப்பிடியைத் திருகி மாட்ட, அதற்குப் பொருந்தும் புரியைத் துளைக்குள் வெட்டும் கருவிதான் டேப். அகலமான இடைவெளி கொண்ட புரியே பெரும்புரி. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கருவிக் கடைக்குப் போய் "நாலு நூல் டேப் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் பாதிப் பேர் தப்பான டேப்போடு திரும்புவார்கள். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு; நாலு நூல் அரை அங்குலம். அரை அங்குலத்திலேயே இரண்டு உண்டு: பி.எஸ்.டபிள்யூ. (பிரிட்டிஷ் தரம்) என்றால் அங்குலத்துக்கு 12 புரி, யு.என்.சி. (அமெரிக்கத் தரம்) என்றால் 13. பக்கத்திலேயே 12 மி.மீ. மெட்ரிக் புரியான எம்12, அதன் பிட்ச் (ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம்) 1.75 மி.மீ. விட்டத்தை நம்பாதீர்கள், பிட்ச்சைப் பாருங்கள்.

கைப்பிடித் தண்டை வெர்னியர் அளவுகோலில் பிடித்து வெளிவிட்டம் எடுங்கள். நுனிப்புரி தேய்ந்திருக்கும், அடிப்பக்கத்தில் அளப்பதே சரி. அடுத்து, ஒரு முகட்டில் தொடங்கிப் பதினோராவது முகடு வரை அளந்து பத்தால் வகுக்க வேண்டும். 21.2 மி.மீ. வந்தால் பிட்ச் 2.12, 25.4-ஐ அதால் வகுத்தால் 12. ஆக, அது நாலு நூல் பி.எஸ்.டபிள்யூ.தான். தண்டு குட்டையாக இருந்தால் ஐந்து இடைவெளியை அளந்து ஐந்தால் வகுத்தால் போதும்.

ஐந்து நூலில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அதன் விட்டம் 15.88 மி.மீ.; எம்16 தண்டும் வெர்னியரில் கிட்டத்தட்ட அதையே காட்டும். ஆனால் பிட்ச் ஐந்து நூல் பி.எஸ்.டபிள்யூ.வில் 2.31, எம்16-இல் 2. நட்டு ஒன்றரைச் சுற்று சுகமாக ஏறி, பிறகு கடிக்கும். அங்கே ஸ்பானர் போட்டு இறுக்கினால் இரண்டு புரியும் போச்சு. மூன்று நூலில் பி.எஸ்.டபிள்யூ.வும் யு.என்.சி.யும் 16 புரிதான். கோணம் 55, 60 டிகிரி என்று வேறுபட்டாலும் கைப்பிடிக்கு அது தடையில்லை. முடிந்தால் கைப்பிடியையே கடைக்கு எடுத்துப் போய், அங்குள்ள நட்டுகளில் முழு ஆழத்துக்கு ஏற்றிப் பாருங்கள்.

புரியின் முகடு கூராக இல்லாமல் தட்டையாக இருந்தால் சாதாரண டேப் உதவாது. அமெரிக்க பெயின்ட் ரோலர் கம்புகளில் வரும் முக்கால் அங்குல ஆக்மி புரி அப்படிப்பட்டது: அங்குலத்துக்கு 5 புரி, 29 டிகிரி. இதற்கு டேப் போடும் முன் 14 மி.மீ. துளை போட வேண்டும். டேப் விலை அதிகம். ஒரே ஒரு துளை என்றால் பீன்யா தொழிற்பேட்டையில் லேத்தில் கடையக் கொடுப்பதே லாபம். மரத்திலோ நைலானிலோ போடுவதாக இருந்தால் இன்னொரு வழி: அதே புரியுள்ள இரும்புத் தண்டின் நுனியில் ஐந்தாறு புரியைச் சரிவாக ராவி, நீளவாக்கில் நான்கு பள்ளம் அரத்தால் வெட்டினால் அதுவே டேப். இரும்பில் இது ஓடாது.

மற்றவற்றுக்கு டேப் போடும் முன் போட வேண்டிய துளை அளவு: மூன்று நூலுக்கு 8, நாலு நூல் பி.எஸ்.டபிள்யூ.வுக்கு 10.5, ஐந்து நூலுக்கு 13.5, எம்12-க்கு 10.2 மி.மீ. நைலான் சுருங்கிப் பிடிக்கும், 0.1 அல்லது 0.2 கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று டேப் கொண்ட செட்டில் ஒரு கோடு போட்டது முதலில், இரண்டு கோடு அடுத்து, கோடில்லாதது கடைசி. சில செட்டுகளில் முதல் இரண்டும் முழு விட்டம் வெட்டாது. அங்கேயே நிறுத்தினால் கைப்பிடி பாதியில் சிக்கும், பிட்ச் தவறோ என்று குழம்புவீர்கள். டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே திருப்புங்கள். இரும்புக்கு எண்ணெய், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், வார்ப்பிரும்புக்கு ஒன்றும் வேண்டாம். அடி மூடிய துளையானால் நாலு சுற்றுக்கு ஒரு தடவை டேப்பை வெளியே எடுத்து, வெட்டுண்ட உலோகச் சுருளைத் தட்டிவிடுங்கள். அடியில் சுருள் அடைத்த பிறகும் திருகினால்தான் டேப் முறிகிறது.