திரும்பும் தேதி இல்லாத பயணம்: இருவராகக் கிளம்புவது எப்படி

"எப்போது திரும்பி வருவீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமலேதான் நானும் என் கணவரும் கிளம்பினோம். ஆல்ப்ஸ், நேபாளம், தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள பட்டகோனியா, நியூசிலாந்து என்று பதினோரு மாதம் ஓடியது. பாதி இரவுகள் டென்ட்டில்தான். இதே மாதிரி கிளம்ப நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன். பணம் சேர்ப்பது, வேலையை விடலாமா என்பதையெல்லாம் இங்கே எடுக்கவில்லை. முடிவு எடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: தேதித்தாள்

முதலில் டிக்கெட் விலை பார்க்க உட்காராதீர்கள். ஒரு தாளை எடுத்து, உங்களால் மாற்ற முடியாத தேதிகளை மட்டும் எழுதுங்கள். முதல் வரி, இருவரின் பாஸ்போர்ட்டும் முடிகிற நாள். உள்ளே வரும்போது பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதம் ஆயுள் இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. அதனால் அச்சடித்திருக்கும் தேதியிலிருந்து ஆறு மாதத்தைக் கழித்து எழுதுங்கள்.

அடுத்தது பருவம். ஆல்ப்ஸில் மோன் பிளாங் மலையைச் சுற்றி வரும் சுமார் 170 கி.மீ. நடைபாதையில், மலை விடுதிகள் பெரும்பாலும் ஜூன் நடுவில் திறந்து செப்டம்பரில் மூடிவிடும். நேபாளத்தின் அன்னபூர்ணா பக்கம் அக்டோபர், நவம்பரில் வானம் தெளிவாக இருக்கும். பட்டகோனியாவில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. நியூசிலாந்தின் 'கிரேட் வாக்ஸ்' பாதைகளுக்கு அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை சீசன். இந்த நான்கையும் எழுதி முடித்தபோது எந்த ஊர் முதலில், எந்த ஊர் அடுத்து என்பது தானாகவே தெரிந்துவிட்டது.

திரும்பும் நாளைத் திறந்து வைக்க வேண்டுமானால் மற்ற தேதிகளில் கறாராக இருந்தே ஆக வேண்டும். எங்களுக்கு இது புரியவே பாதிப் பயணம் ஆனது. தாளை இரண்டு பிரதி எடுத்து, ஆளுக்கு ஒன்றாகப் பாஸ்போர்ட் உறைக்குள் வையுங்கள்.

படி 2: ஷெங்கன் நாள் கணக்கு

ஷெங்கன் பகுதி என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டம். அங்கே குறுகிய காலம் தங்குபவர்களுக்கு எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்றும் இதற்குள் வருவதால், மோன் பிளாங் பாதையில் நீங்கள் எத்தனை எல்லை தாண்டினாலும் கணக்கு ஒன்றுதான். விசா எடுத்துப் போகிறவர்களுக்கு விசாவில் அச்சிட்ட நாள் எண்ணிக்கை அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். அப்படியானால் அந்தக் குறைந்த எண்தான் உங்கள் வரம்பு.

90 நாள் என்பதை மூன்று மாதம் என்று எண்ணாதீர்கள். ஜூன் 1-ல் நுழைந்து ஆகஸ்ட் 31-ல் கிளம்பினால் அது 92 நாள். நுழையும் நாள், கிளம்பும் நாள் இரண்டும் கணக்கில் சேரும்.

இன்னொரு குழப்பம், வெளியே போய்விட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நினைப்பது. தொடங்காது. ஜூன் 1 முதல் ஜூலை 20 வரை இருந்தீர்கள் என்றால் 50 நாள் செலவாகிவிட்டது. அக்டோபர் 10-ல் திரும்ப உள்ளே வந்தால், அன்றிலிருந்து 180 நாள் பின்னால் எண்ணிப் பாருங்கள். அந்த 50 நாளும் அதற்குள்ளேயே இருக்கும். மிச்சம் 40 நாள், அதாவது நவம்பர் 18 வரைதான். ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது. நான் தாளில் போட்டுவிட்டு அதில் சரிபார்ப்பேன்.

படி 3: ஒருவழி டிக்கெட்

இங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பட்டகோனியா முடிந்து நியூசிலாந்துக்கு ஒருவழி டிக்கெட் எடுத்திருந்தோம். விசா, தங்குமிடம், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கையில் இருந்தன. கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "அங்கிருந்து வெளியே போகிற டிக்கெட்?" என்று கேட்டார். இன்னும் எடுக்கவில்லை, எப்போது கிளம்புவோம் என்று தெரியாது என்றோம். அவர் கோபப்படவில்லை. திரையைப் பார்த்துவிட்டு, அது இல்லாமல் போர்டிங் பாஸ் தர முடியாது என்று மட்டும் சொன்னார். கவுன்ட்டர் மூட நாற்பது நிமிடம் இருந்தது.

இதில் விமான நிறுவனத்துக்கு என்ன வந்தது என்று அப்போது தோன்றியது. நுழைய அனுமதி கிடைக்காத பயணியைத் திருப்பி அழைத்துப் போகும் பொறுப்பு, 1944-ல் கையெழுத்தான, சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் ஒன்பதாம் இணைப்புப்படி அவரைக் கொண்டுவந்த விமான நிறுவனத்துடையது. பல நாடுகள் அதோடு அபராதமும் போடும். அதனால் கவுன்ட்டரில் இருப்பவர்கள் உங்கள் பாஸ்போர்ட்டையும் போகும் நாட்டையும் வைத்து, 'டிமாட்டிக்' என்ற தரவுத்தளத்தில் விதியைப் பார்க்கிறார்கள். அங்கே வெளியேறும் டிக்கெட் தேவை என்று இருந்தால், உங்கள் விளக்கம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் எடுபடாது.

தரையில் கிடந்த முதுகுப்பையின் மேல் உட்கார்ந்து போனில் டிக்கெட் தேடினேன். முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் வகையில், சொந்த நாட்டுக்கே இரண்டு டிக்கெட் கிடைத்தது. கார்டு எண் போட்டதும் வங்கி ஓடிபி கேட்டது. அந்த சிம் என் போனில் இல்லை. உள்ளூர் சிம் போட்டபோது கழற்றி ஒரு சின்ன உறையில் போட்டு, பையின் அடியில் வைத்திருந்தேன். டென்ட், ஸ்லீப்பிங் பேக், ஈரத் துணி எல்லாம் விமான நிலையத் தரையில் பரவிக் கிடக்க, என் கணவர் ஒவ்வொரு உறையாகப் பிரித்துப் பார்த்தார். கடைசியில் முதலுதவிப் பைக்குள் பிளாஸ்திரி ஒட்டுக்கு நடுவே சிம் இருந்தது. மூடுவதற்கு ஆறு நிமிடம் இருக்கும்போது போர்டிங் பாஸ் கைக்கு வந்தது. விமானத்தில் உட்கார்ந்த பிறகும் என் கை நடுக்கம் நிற்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஒருவழி டிக்கெட் வாங்கும் அன்றே அந்த நாட்டின் குடிவரவு இணையதளத்தில் வெளியேறும் டிக்கெட் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால், பணம் திரும்பக் கிடைக்கிற அல்லது தேதி மாற்றக்கூடிய டிக்கெட் ஒன்றை வீட்டில் நிதானமாக உட்கார்ந்து வாங்குங்கள். தரைவழியாக அடுத்த நாட்டுக்குப் போக முடிகிற இடங்களில் பஸ் டிக்கெட்டையும் சிலர் ஏற்கிறார்கள், ஆனால் அதை நம்பி விமான நிலையத்துக்குப் போகாதீர்கள். போலியாக டிக்கெட் மாதிரி ஒரு தாள் தயாரித்துக் கொடுக்கும் தளங்கள் உண்டு. அந்தப் பக்கமே போக வேண்டாம். எல்லையில் பொய்யான ஆவணம் காட்டிப் பிடிபட்டால் அந்த நாட்டின் கதவு உங்களுக்கு ரொம்ப நாளைக்கு மூடிவிடும்.

வங்கி சிம் எப்போதும் ஒரு போனில் உயிரோடு இருக்கட்டும். உள்ளூர் டேட்டாவுக்கு இ-சிம் போதும். கார்டுகளைப் பிரித்து வையுங்கள்: இரண்டு வெவ்வேறு வங்கி, ஒன்று உங்களிடம், ஒன்று உங்கள் துணையிடம்.

படி 4: சாமான்

இதில் எனக்கு அழுத்தமான கருத்துகள் உண்டு.

டென்ட் இருவர் படுக்கும் அளவே போதும், ஆனால் கதவு இரண்டு இருக்க வேண்டும். நடு இரவில் ஒருவர் எழுந்தால் மற்றவர் மேல் ஏறித்தான் போக வேண்டும் என்ற நிலை மூன்றாம் நாளிலேயே சண்டையில் முடியும். ஸ்லீப்பிங் பேக்கில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்' என்று இரண்டு வெப்பநிலை போட்டிருப்பார்கள். கம்ஃபர்ட் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். ஒரே நிறுவனத்தில் ஒன்றுக்கு இடப்பக்க ஜிப், இன்னொன்றுக்கு வலப்பக்க ஜிப் என்று எடுத்தால் இரண்டையும் சேர்த்து ஒரே படுக்கையாக்கலாம். அன்னபூர்ணா பாதையில் தோரோங் லா கணவாய்க்கு முந்தைய இரவு அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

நீர் வடிகட்டி ஒருமுறை உறைந்துவிட்டால் உள்ளே இழைகள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. குளிர் இரவில் அதையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கேஸ் குப்பியை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது, இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 100 வாட்-மணிக்குள் இருந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. 20,000 எம்.ஏ.எச். என்றால் ஏறக்குறைய 74 வாட்-மணி. வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ்தான் என் தேர்வு. நெட்வொர்க் இல்லாத இடத்திலும் ஒற்றையடிப் பாதை வரை காட்டும்.

நியூசிலாந்து போகிறவர்களுக்கு ஒன்று. பயன்படுத்திய பூட்ஸ், டென்ட் எதுவானாலும் வருகைப் படிவத்தில் சொல்லியே ஆக வேண்டும். மண், விதை ஒட்டியிருந்தால் தடுத்து வைப்பார்கள். கிளம்புவதற்கு முந்தைய இரவு விடுதியின் கழுவு தொட்டியில் பழைய டூத்பிரஷ் வைத்து, பூட்ஸ் அடிப்பள்ளங்களில் இறுகிக் கிடந்த பட்டகோனியாச் சேற்றை ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தோம். இருவர் பூட்ஸுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆனது. டென்ட் ஆணிகளின் முனையை மறந்துவிடாதீர்கள்.

படி 5: மலையில்

உயர நோய் வராமல் இருக்க, 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு. தோரோங் லா 5,416 மீட்டர். உங்கள் காப்பீடு எத்தனை மீட்டர் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்பதை எழுத்தில் பாருங்கள். திரும்பும் தேதி இல்லாமல் பாலிசி தருவார்களா, வெளிநாட்டில் இருந்தபடியே நீட்டிக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். இருவரில் யார் "இறங்கிவிடலாம்" என்று சொன்னாலும், காரணம் கேட்காமல் இறங்க வேண்டும், பேச்சு கீழே போய்த்தான். தோரோங் லாவுக்குக் கீழே உள்ள மனங் என்ற ஊரில் எனக்குத் தலைவலி என்று சொல்லவே அரை நாள் தயங்கினேன், கணவருடைய கணவாய்க் கனவைக் கெடுக்கக்கூடாது என்று. சொன்ன உடனே அவர் பையை இறக்கி வைத்தார். இரண்டு நாள் அங்கேயே இருந்து, தலைவலி முழுதாகப் போன பிறகுதான் ஏறினோம்.

பின்சேர்ப்பு

இதைப் படித்துவிட்டு ஒருவர் எழுதியிருந்தார். வெளியேறும் டிக்கெட் கையில் இருந்தும் அவர்களைத் தடுத்திருக்கிறார்கள். அந்த டிக்கெட் மூன்றாவது ஒரு நாட்டுக்கு, அங்கே நுழைய அவர் மனைவிக்கு விசா இல்லை. நீங்கள் நுழைய உரிமை உள்ள நாட்டுக்கான டிக்கெட்டாக இருக்க வேண்டும், அதுவும் இருவருக்கும். வேறு வேறு பாஸ்போர்ட் வைத்திருக்கும் தம்பதிகள் எல்லா விதியையும் இரண்டு முறை பாருங்கள்.

இன்னொருவருக்கு, வெளியேறும் டிக்கெட்டை ரத்து செய்தபோது பணத்துக்குப் பதில் அதே நிறுவனத்தின் வவுச்சர்தான் கிடைத்திருக்கிறது. வாங்கும் முன், பணம் செலுத்திய கார்டுக்கே திரும்ப வரும் என்று எழுதியிருக்கிறதா என்று வாசியுங்கள். எங்கள் பணம் வந்து சேர ஆறு வாரம் ஆனது. அதுவரை அந்தத் தொகை இல்லாமல் ஓட்ட முடியுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.