கொள்கலனுக்குள் குபர்நெட்டிஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைண்ட், கே3டி போன்ற கருவிகளைக் கொண்டு மடிக்கணினியில் சில நிமிடங்களுக்குள் கொள்கலன்களை நிர்வகிக்கும் மென்பொருளான குபர்நெட்டிஸின் ஒரு கிளஸ்டரை (ஒன்றாக இயங்கும் கணினிகளின் தொகுதியை) உருவாக்கிவிடலாம். ஆனால் இங்கு ஒவ்வொரு நோடும் (கிளஸ்டரின் உறுப்புக் கணினி) ஒரு டொக்கர் கொள்கலன், அதாவது செயலியைத் தனித்து இயக்கும் உறை, என்பதும், இமேஜ் (கொள்கலன் உருவாகும் மூலப் பொதி) களஞ்சியம், வலையமைப்பு, கோப்புகள் யாவும் அதற்கெனத் தனியாக உள்ளன என்பதும் எளிதில் மறந்துபோகின்றன. கொழும்பில் இத்துறைக்குப் புதிதாக வருவோர் தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவை இம்மறதியால் நேர்பவை.

டொக்கரில் கட்டிய இமேஜ் கிளஸ்டருக்கும் தானாகக் கிடைக்கும் என்று எண்ணுவது முதல் தவறு. கைண்ட் எனில் 'லோட்', கே3டி எனில் 'இமேஜ் இம்போர்ட்' கட்டளையால் அதை நோடுக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றிய பின்னும் இமேஜை இறக்க முடியவில்லை என்னும் 'இமேஜ்புல்பேக்ஓஃப்' பிழை வந்தால் இமேஜின் டேக்கை (பதிப்பைக் குறிக்கும் பெயரை) பாருங்கள். 'லேட்டஸ்ட்' என்ற டேக் இருந்து, புல் பொலிசி (இமேஜை எப்போது இறக்குவது என்ற விதி) குறிப்பிடப்படாவிட்டால், குபர்நெட்டிஸ் அதை 'ஓல்வேஸ்' (எப்போதும்) என்றே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் வெளிக் களஞ்சியத்தை நாடும். பதிப்பு எண்ணுடன் டேக் இடுவதே நல்ல வழக்கம்.

எந்தக் கோளாறு வந்தாலும் கிளஸ்டரை அழித்துப் புதிதாக உருவாக்குவது இதைவிடக் கெட்ட பழக்கம். நோடு அழியும்போது அதற்குள் இறக்கிய இமேஜ்களும், இயல்புநிலை அமைப்பில் தரவுத்தளத்தின் தரவுகளும் சேர்ந்தே அழிகின்றன. வெள்ளவத்தை வாடகை அறையில் கைபேசி டேட்டாவை நம்பி வேலை செய்பவருக்கு மீள்பதிவிறக்கம் வீண்செலவு. அலுவலகத்திலோ பலர் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்வதால், அடையாளமின்றி இறக்குவோருக்கு பொது இமேஜ் களஞ்சியமான டொக்கர் ஹப் விதித்துள்ள பதிவிறக்க வரம்பு விரைவில் தீர்ந்துவிடும். அழிக்கும் முன் பொடை (கொள்கலன்களை ஓட்டும் குபர்நெட்டிஸின் மிகச் சிறிய அலகை) 'டிஸ்கிரைப்' செய்து, ஈவென்ட்களையும் முந்தைய கொள்கலனின் லொக்கையும் (செயற்பாட்டுப் பதிவையும்) வாசியுங்கள். வெளியேற்றக் குறியீடு 137 உடன் 'ஓஓஎம்கில்ட்' என்றிருந்தால் நினைவகம் போதவில்லை. மெக்கிலும் விண்டோஸிலும் டொக்கருக்கு ஒதுக்கிய நினைவகமே மேல் எல்லை, கணினியில் உள்ள முழு நினைவகமும் அல்ல. 8 ஜிபி கணினியில் மூன்று நோடு கிளஸ்டர் பெரும்பாலும் பகட்டுத்தான், ஒன்று போதும்.

கைண்டில் வெளியே திறக்க வேண்டிய போர்ட்டுகளைக் கிளஸ்டரை உருவாக்கும்போதே அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும், பின்னர் சேர்க்க இயலாது. தற்காலிகத் தேவைக்கு 'போர்ட்-ஃபோர்வர்ட்' உண்டு. பொடுக்குள் 'லோக்கல்ஹோஸ்ட்' என்பது அந்தப் பொடையே குறிக்கும், உங்கள் கணினியை அல்ல. லினக்ஸில் பல நோடுகளை ஓட்டும்போது 'டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்' எனப் பொடுகள் விழுந்தால், செயலியில் பிழை தேடாமல், கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் லினக்ஸ் வசதியான ஐநோட்டிஃபையின் வரம்புகளை உயர்த்துங்கள். கைண்டின் ஆவணம் வொச்சுகளுக்கு 524288, இன்ஸ்டன்ஸ்களுக்கு 512 என்ற அளவுகளைத் தருகிறது.

எஞ்சியிருப்பது ஆபத்தானது. கிளஸ்டர் உருவானதும் குபர்நெட்டிஸ் கட்டளைக் கருவியான குப்சிடிஎல்லின் நடப்பு கொன்டெக்ஸ்ட் (கட்டளைகள் எந்தக் கிளஸ்டருக்குச் செல்லும் என்ற தெரிவு) அதற்கு மாறுகிறது. பிறகு வேலையின் நடுவே சிங்கப்பூரிலுள்ள மேகக் கிளஸ்டருக்கு மாற்றியவர், அதை மறந்து 'டிலீட்' கட்டளை இட்டால் வாடிக்கையாளரின் சேவையே நின்றுபோகும். ஆகவே அழிக்கும் கட்டளைகள் உள்ள ஸ்கிரிப்ட்களில் 'கைண்ட்-' அல்லது 'கே3டி-' என்று தொடங்கும் கொன்டெக்ஸ்ட் பெயரை வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள்.