துறைச்சுவரில் ஆளி ஏற்றுவது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் போன்ற கழிமுகங்களில் வழவழப்பான செங்குத்துச் சுவர் இருந்தால், அலை மோதித் திரும்பி அடிமண்ணைப் பறிக்கும். ஆளிக்குஞ்சு (ஆளி என்பது பாறையில் ஒட்டி வளரும் சிப்பி) பிடித்துக்கொள்ளவும் நண்டு ஒதுங்கவும் இடுக்கு இராது. சுவரை இடிக்க வேண்டியதில்லை. அதன்மேல் சொரசொரப்பான பலகைகளைப் பொருத்தினால் போதும்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். ஆற்றின் மேற்பக்கம் தொண்டு (தேங்காய் மட்டை) அழுகப்போடும் இடம் இருந்தால் அடிச்சேறு கறுத்து, அழுகிய முட்டை வாடை வரும். விடியுமுன் கரைந்த ஆக்சிஜனை அளந்து பாருங்கள். பல நாள் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழேயே நின்றால், பலகைக்குச் செலவிடும் பணத்தைத் தொண்டுக்குத் தனித் தொட்டி கட்டப் போடுவதே மேல்.

பலகை 60×60 செ.மீ., கனம் 10 செ.மீ. எடை 80 கிலோவை நெருங்கும். நாலு பேர் தூக்கலாம். கான்கிரீட்டுக்கு ஸ்லாக் சிமெண்ட் (இரும்பு உலைக் கசடு கலந்தது) நல்லது. உள்ளே கம்பி வேண்டாம்: உப்பேறித் துருப்பிடித்தால் அது பருத்துப் பலகையைப் பிளந்துவிடும். கலவை ஈரமாக இருக்கும்போதே எண்ணெய் தடவிய சிரட்டைகளை, வரிசைக்கு மூன்றாக ஒன்பது, வளைந்த பக்கம் உள்ளே போக அழுத்துங்கள். பலகை நிமிர்ந்தபின் கீழே வரும் பக்கம் ஆழமாக இருக்கும்படி சாய்த்து அழுத்த வேண்டும். நேராக அழுத்தினால் வேலியிறக்கத்தில் தண்ணீர் வழிந்து குழி காய்ந்துவிடும். மறுநாள் சிரட்டையைக் கழற்றிவிடலாம். பலகையைச் சுவரில் பொருத்தும் போல்ட் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

இங்கே ஓதம் (கடல் ஏறி இறங்கும் உயரம்) ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் உயரத்தில் அரையடி தவறினாலும் கெட்டது. சுவரில் ஏற்கெனவே கொட்டலசும் (சுவரில் ஒட்டும் சிறு ஓட்டுயிர்) ஆளியும் ஒட்டிய பட்டைதான் அளவுகோல். பலகையின் நடு அங்கே வரட்டும்.

படகுத்துறை மேடைக்கு அடியில் ஓட்டுச்சரம் தொங்கவிடுங்கள்: 3 மி.மீ. நைலான் கயிற்றில் மீட்டருக்கு 5 துளையிட்ட ஆளி ஓடு, ஒவ்வொன்றுக்கும் கீழே முடிச்சு. சரத்தின் நுனி தரையிலிருந்து ஓரடி மேலே நிற்கவேண்டும். வடகிழக்கு மழை ஓய்ந்து உப்பு ஏறும் டிசம்பரில் கட்டுங்கள். முந்திக் கட்டினால் குஞ்சு வருமுன் ஓட்டில் வண்டல் படிந்துவிடும்.

ஆளி நுண்பாசியையும் வண்டலையும் வடிகட்டும். சாக்கடைக் கிருமிகளோ அதன் உடலிலேயே தங்கும். ஆகவே இந்த ஆளியைத் தின்னக்கூடாது என்று துறையில் பலகை எழுதி வையுங்கள்.

ஆனி, ஆடி வெள்ளத்தில் உப்பு 10 பிபிடிக்கு (ஆயிரத்தில் பத்துப் பங்கு) கீழே பல நாள் கிடந்தால் ஆளி நிறைய செத்து வாய் பிளக்கும். ஓடுகளைச் சுரண்டி எறியாதீர்கள். அடுத்த பருவக் குஞ்சு அவற்றின் மேல்தான் ஒட்டும்.