பவர் கண்டிஷனர் வாங்கியும் இரைச்சல் குறையவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு பத்தரை மணிக்கு மேல் தெரு அடங்கிய பிறகு, பாட்டு எதுவும் போடாமல் ஆம்ப்ளிஃபையரை மட்டும் ஆன் செய்து, ஸ்பீக்கருக்கு அருகில் காதை வைத்துக் கேளுங்கள். சில வீடுகளில் 'ம்ம்ம்' என்று அடிக்குரலில் ஓர் உறுமல் கேட்கும்; சில வீடுகளில் 'கர்ர்ர்' என்று வண்டு பறப்பது போல ஒரு ரீங்காரம்; இன்னும் சில வீடுகளில் 'ஸ்ஸ்ஸ்' என்ற மெல்லிய சீறல் மட்டும். இந்த மூன்றும் மூன்று வேறு இடங்களிலிருந்து வருகின்றன. எது தம் வீட்டில் கேட்கிறது என்று பார்க்காமலேயே, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்டித் தரும் பெட்டியான பவர் கண்டிஷனரை வாங்கிவிடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

சாதாரண கண்டிஷனரின் உள்ளே இருப்பவை காயில்களும் கெப்பாசிட்டர்களும் கொண்ட ஒரு ஃபில்டர், மின்னழுத்தம் திடீரென எகிறும்போது அதைத் தாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர் என்ற பாகம், பல சாக்கெட்டுகள் ஆகியவையே. நமக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த 50 ஹெர்ட்ஸைத் தடையின்றி உள்ளே விடவேண்டிய ஃபில்டர், அதற்கு வெகு மேலே, பல்லாயிரம் ஹெர்ட்ஸுக்கு அப்பால் உள்ள இரைச்சலைத்தான் திறம்படத் தடுக்கிறது. ஆகவே மொபைல் சார்ஜர், மலிவான எல்இடி பல்பு, கம்ப்யூட்டர் போன்றவை மின்கம்பியில் ஏற்றிவிடும் குப்பையை அது குறைக்கும். அடிக்குரல் உறுமலை அதனால் ஒன்றும் செய்ய இயலாது. சீறல் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையரின் சொந்தச் சத்தம் என்பதால், அதற்கும் சுவரிலிருந்து வரும் மின்சாரத்துக்கும் அனேகமாகத் தொடர்பே இராது.

எர்த் சரியில்லாத வீட்டில் கண்டிஷனரை மாட்டுவது நான் கண்டவற்றில் மிகப் பரவலான தவறு. ஃபில்டரில் உள்ள இரண்டு கெப்பாசிட்டர்கள், ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக, எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கும். தடுத்த இரைச்சலின் ஒரு பகுதி அவ்வழியே வெளியேற வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அந்த வழி அடைபடுவதோடு, அந்த இரு கெப்பாசிட்டர்களும் 230 வோல்ட்டைப் பாதியாகப் பங்கிட்டு, சுமார் 115 வோல்ட்டைக் கண்டிஷனரின் உலோகப் பெட்டியிலும் அதில் செருகிய சாதனங்களின் உடலிலும் நிற்க வைத்துவிடும். ஆம்ப்ளிஃபையரைத் தொட்டால் விரல் நுனியில் சுருசுருவென்று ஏறுகிறது, டெஸ்டரை வைத்தால் மினுக்கென்று எரிகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். முன்பு நான் குடியிருந்த ஒரு வாடகை வீட்டில் இதுவே நடந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் சாக்கெட் பிளேட்டைக் கழற்றியபோது, பச்சை வயர் பெட்டிக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருந்தது; அதன் முனையில் இன்சுலேஷனைக் கூடச் சீவவில்லை. வெளியே பார்ப்பதற்கு மூன்று துளைகளும் ஒழுங்காகத்தான் இருந்தன.

எனவே கண்டிஷனருக்குக் காசு செலவழிக்கும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து மூன்று அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே காட்டும் வோல்ட்டும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே காட்டுவதும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மல்டிமீட்டரில் இவை சரியாக வந்தாலும் எர்த் குழி நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு அது முழு உறுதியாகாது. அதற்கு எர்த் டெஸ்டர் வைத்துத்தான் அளக்க வேண்டும். உப்பும் கரியும் இட்ட பழைய குழி கோடையில் காய்ந்துபோய்க் கிடப்பது வழக்கம் என்பதால், அதில் தண்ணீர் ஊற்றிவருவது வீட்டின் பாதுகாப்புக்கே தேவையான வேலை.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று உண்டு, அது உயிருக்கே ஆபத்தானது. கண்டிஷனர் மாட்டியும் உறுமல் நிற்காதபோது யாரோ சொன்னார் என்று பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிறார்கள். உறுமல் நின்றுவிடுவதும் உண்டு. ஏனென்றால் அது, ஒன்றோடொன்று இணைந்த சாதனங்கள் வெவ்வேறு வழிகளில் எர்த்தைத் தொடுவதால் உருவான ஒரு வளையத்தால் வந்தது. ஆனால் அன்றிலிருந்து, உள்ளே ஒரு ஃபேஸ் வயர் உடலைத் தொட்டால் அந்த மின்சாரம் போவதற்கு அதைத் தொடுகிற மனிதரைத் தவிர வேறு வழி இராது. எர்த்தைக் கழற்றாமலேயே அந்த வளையத்தை அவிழ்க்க முடியும். முதலில் செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் சட்டென்று நின்றால் அந்தக் கேபிளுக்கு, சிக்னலை மட்டும் விட்டு எர்த் தொடர்பைத் துண்டிக்கும் ஓர் ஐசொலேட்டர் போட்டாலே போதும். கம்ப்யூட்டரைக் கழற்றும்போது நின்றால், அதற்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையே ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள் அதிலிருந்து வரும் மெல்லிய தனி எர்த் வயரை ஆம்ப்ளிஃபையரின் பின்புறத் திருகில் மாட்டியிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். இவ்வளவு சிறிய விஷயத்தைக் கவனிக்காமல் கண்டிஷனர் வரை போனவர்களை நான் அறிவேன்.

'கர்ர்ர்' சத்தம் கேட்கும் வீடுகளில், அதை உண்டாக்குவது எது என்று தேடாமல் விடுவதும் தவறுதான். பேட்டரியில் ஓடும் ஒரு சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோவை மீடியம் வேவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு, அறை அறையாக நடந்து பாருங்கள். இரைச்சல் தரும் சாதனத்தை நெருங்க நெருங்க ரேடியோவின் கரகரப்பு ஏறும். என் வீட்டில் அது ஃபேன் ரெகுலேட்டரில் கொண்டுபோய் விட்டது. சீராகச் சுழலும் குமிழ் உள்ள பழைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் ஒவ்வொரு அலையையும் பாதியில் வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. அந்த வெட்டுத்தான் ஸ்பீக்கரில் ரீங்காரமாகக் கேட்கிறது. ஃபேனை முழு வேகத்தில் வைத்ததும் சத்தம் மறைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாக நிற்கும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டரை மாற்றியபின் அந்த ரீங்காரம் திரும்பி வரவேயில்லை. கண்டிஷனரால் அதை ஓரளவு குறைக்க முடிந்ததே தவிர நிறுத்த முடியவில்லை.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சுவரிலிருந்து வரும், சீராக வளைந்து ஏறி இறங்கும் சைன் அலையில் 230 வோல்ட் என்றால் அதன் உச்சம் 325 வோல்ட் வரை போகும். ஆம்ப்ளிஃபையரின் பவர் சப்ளை அந்த உச்சத்தை நம்பித்தான் தன் கெப்பாசிட்டர்களை நிரப்புகிறது. சதுர அலை இன்வெர்ட்டர்கள் பலவற்றில் இந்த உச்சம் வெகுவாகக் குறைந்திருப்பதால் ஆம்ப்ளிஃபையர் தளர்ந்து ஒலிப்பதோடு, அலையின் செங்குத்தான விளிம்புகள் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் மிகையான மின்சாரத்தைப் பாய்ச்சி அவற்றைச் சூடாக்குகின்றன. கண்டிஷனர் சதுர அலையைச் சைன் அலையாக்கித் தந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. மின்வெட்டின்போதும் பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் சைன் அலை இன்வெர்ட்டர்தான் வழி. இல்லையென்றால் ஆடியோ சாதனங்களை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்துவிடுவது நல்லது. மின்னழுத்தம் ஏறி இறங்குவதைச் சரிசெய்வதும் ஃபில்டரின் வேலையல்ல. அது ஸ்டெபிலைசரின் வேலை.

ஒன்று போதவில்லை என்று ஸ்பைக் பஸ்டர், கண்டிஷனர், இன்னொரு ஃபில்டர் என்று வரிசையாக மாட்டுவதையும் தவிர்க்க வேண்டும். ஒவ்வொன்றும் எர்த்துக்குச் சிறிது மின்சாரத்தைக் கசியவிடுவதால், எல்லாம் சேரும்போது மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் காரணம் தெரியாமல் அடிக்கடி விழத் தொடங்கும். பெரிய பவர் ஆம்ப்ளிஃபையர், சப்வூஃபர் ஆகியவற்றைக் குறைந்த திறன் கொண்ட கண்டிஷனரில் செருகுவதும் சரியன்று. அவை அலையின் உச்சியில் மட்டும், குறுகிய நேரத்தில் பெருமளவு மின்சாரத்தை இழுப்பவை. வழியில் தடை இருந்தால் பேஸ் ஒலியின் அழுத்தம்தான் முதலில் குறையும். அவற்றை நேரே 16 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டிவிட்டு, சிடி பிளேயர், டிஜிட்டல் சிக்னலை ஒலி சிக்னலாக்கும் டிஏசி, பவர் ஆம்ப்ளிஃபையருக்கு முன் வரும் ப்ரீஆம்ப் போன்றவற்றைக் கண்டிஷனரில் வைத்துக் கேட்டு ஒப்பிடுங்கள்.

மின்சாரத்தைப் புதிதாகவே உருவாக்கித் தரும் விலையுயர்ந்த ரீஜெனரேட்டர்களில், டிரான்ஸ்ஃபார்மரில் தங்கிய காந்தத்தன்மையைப் போக்குவதற்கென்று 'கிளீன்' பொத்தான் தரப்படுவது உண்டு. அதை அழுத்தினால் சில நொடிகள் வெவ்வேறு அலைகள் சென்று அடங்கும். ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் உட்கரு நொடிக்கு 50 தடவை இரு திசையிலும் தானாகவே காந்தமேறி இறங்குவதால், அந்தப் பொத்தானால் ஒலி மாறும் என்று என்னால் நம்ப இயலவில்லை. ஸ்பீக்கர் அமைதியாக இருக்க ஆம்ப்ளிஃபையரின் பெட்டியே முனகினால், காரணம் பெரும்பாலும் மின்கம்பியில் கலந்துவந்த சிறிதளவு டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். பாதி வெப்பத்தில் ஓடும் ஹேர் டிரையர் ஒன்றே அதை உண்டாக்கப் போதும். அதற்கு மருந்து டிசி பிளாக்கர். சாதாரண ஃபில்டர் அதைத் தடுக்காது.

மாற்றத்தைக் கேட்டுப் பார்க்கும்போது வால்யூம் குமிழை நகர்த்தாதீர்கள். சற்றுக் கூடுதலாக ஒலிப்பது எப்போதும் தெளிவாகவே தோன்றும். நாற்காலியை விட்டு எழாமல், வீட்டில் வேறொருவரைச் சுவர் சாக்கெட்டுக்கும் கண்டிஷனருக்கும் மாற்றி மாற்றிச் செருகச் சொல்லுங்கள். எந்தமுறை எதில் செருகினார் என்பதை அவர் ஒரு தாளில் எழுதட்டும், நீங்கள் கேட்டதை இன்னொரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டே பிளக்கை மாற்ற வேண்டும். பத்துத் தடவை முடிந்தபின் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் பணம் கட்டலாம்.