செருப்பைச் செருப்பென்றே எழுதுங்கள்

சேலத்தில் நோட்டீஸ் அடிக்கும் வேலையில் இருப்பவனுக்கு ஆடி மாதம் தூக்கம் கிடையாது. கோட்டை மாரியம்மன் பண்டிகை ஒரு பக்கம், ஆடித் தள்ளுபடி ஒரு பக்கம். இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த தம்பி, ஒரு செருப்புக்கடை நோட்டீஸைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து நீட்டினான். முதல் வரியைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. இருபது வருடத்துக்கு முன் நான் எழுதிய அதே வரி.

‘காலணி’யைக் ‘காலனி’ என்று அடிப்பதைப் பற்றிப் பேசப்போவதில்லை. அதைப் பிழை திருத்துபவர் பிடித்துவிடுவார். எழுத்து சரியாக இருந்து சொல் தவறினால்தான் யார் கண்ணிலும் படாது.

மிதியடி

அப்போது எனக்குச் ‘செருப்பு’ என்று பெரிய எழுத்தில் போடக் கூச்சம். திட்டுவதற்கு எடுக்கும் சொல்லை விளம்பரத்தில் வைப்பதா? அகராதியைப் புரட்டினேன். மிதியடி கிடைத்தது. நல்ல தமிழ் என்ற பூரிப்பில் ‘அனைத்து மிதியடிகளுக்கும் ஆடித் தள்ளுபடி’ என்று போட்டு இரண்டாயிரம் நோட்டீஸ் அடித்துக் கொடுத்துவிட்டேன். கடைக்காரரும் படித்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் வந்தார். “ஏந்தம்பி, நான் என்ன பாய்க்கடையா வெச்சிருக்கறேன்? காலையிலருந்து வாசப்படிக்குப் போடற கால்மிதி கேட்டு வர்றாங்க!”

அகராதி பொய் சொல்லவில்லை. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே குமிழ் வைத்த மரப் பாதக்குறட்டுக்கு மிதியடி என்றும் பெயர் உண்டு. ஆனால் இன்று கடைவீதியில் மிதியடி என்றால் வாசலில் கிடக்கும் தேங்காய்நார் விரிப்பு. மறுபடி அடித்த செலவு என் சம்பளத்தில் கழிந்தது.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. செருப்பை மட்டமான சொல் என்று நினைத்தேனே, அதுதான் இன்றும் எரிகிறது. புறநானூற்றின் 257ஆம் பாட்டு ஒரு வீரனைச் ‘செருப்பிடைச் சிறுபரல் அன்னன்’ என்கிறது. பகைவருக்கு அவன் செருப்புக்குள் சிக்கிய பொடிக்கல். ஏற்காட்டுக் கல்பாதையில் ஒருமுறை நடந்தவருக்கு உரையாசிரியர் தேவையில்லை. இந்தச் சொல் திட்டுவதற்கு மட்டுமா உதவுகிறது? ‘என் தோலைச் செருப்பாத் தைச்சுப் போட்டாலும் உங்க கடன் தீராது’ என்று நெகிழ்ந்து சொல்லும்போதும் அதுதானே வருகிறது.

மிதியல் செருப்பு

இதைச் சொன்னதும் தம்பிக்கு உற்சாகம். பதிற்றுப்பத்தில் ‘மிதியல் செருப்பு’ என்று இருக்கிறதாம், கடைக்கு அதையே முழக்கமாக வைக்கலாமா என்றான். அப்பா, அது மலை! பூழி நாட்டு மலை ஒன்றின் பெயர் செருப்பு. காலில் மிதிக்கும் செருப்பு அல்ல என்று காட்டத்தான் ‘மிதியல்’ என்ற அடை. அதைச் செருப்புக்கடையில் போடுவது சேர்வராயன் மலையை ஏழாம் நம்பர் அளவில் விற்பது மாதிரி.

பாதுகை

பரதன் தலையில் சுமந்தது பாதுகை. சாமிக்கும் குருவுக்கும் விட்டுவிடுங்கள். ‘பாதுகைகளை இங்கே விடவும்’ என்ற பலகையைப் பார்த்தால் என் ஹவாய் செருப்புக்கே கூச்சமாக இருக்கும்.

காலணி

ஷூ, சாண்டல், செருப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல நல்ல சொல். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தருவது ‘விலையில்லா காலணி’. அறிவிப்புக்குச் சரி. ஆனால் பேருந்து ஏறும்போது யாருக்கும் காலணி அறுவதில்லை. அறுவது செருப்பு, அதிலும் அதன் வார்.

வினையையும் கவனியுங்கள். காலணியை அணியலாம். செருப்பைப் போடுவோம், இல்லை மாட்டுவோம். சங்க காலத்தில் ‘தொடுதல்’ என்றார்கள், செருப்புக்கே தொடுதோல் என்று பெயர். இன்று செருப்பைத் தொட்டேன் என்றால் கையைக் கழுவச் சொல்வார்கள்.

காலுறை

சாக்ஸ். ஷூ அல்ல.

சப்பாத்து

ஷூவுக்கு இலங்கைத் தமிழர் சொல்வது, போர்த்துக்கீசியர் விட்டுப்போனது. சேலத்தில் சொன்னால் குருமாவும் வேண்டுமா என்பார்கள்.

ஒரு செருப்பு

‘ஒரு செருப்பு வாங்கினால் இன்னொரு செருப்பு இலவசம்’ என்று தம்பி கடைசி வரியில் போட்டிருந்தான். இரண்டு இடத்திலும் ‘ஜோடி’யைச் சேர்த்து அச்சுக்கு அனுப்பினேன்.