ரூம்மேட் மாறும்போது ஹவுஸ் ஓனருக்கு எதற்குக் காசு கொடுக்கணும், எதற்கு வேண்டாம்?

ஓசூர் சிப்காட்டில் வேலைக்கு வந்து மூன்று பேராகச் சேர்ந்து வீடு எடுத்தால், யாராவது ஒருவர் சீக்கிரமே கிளம்பிவிடுவார். வேறு கம்பெனி கிடைக்கும், கல்யாணம் ஆகும், பெங்களூருக்கே குடிபோவார். அந்த இடத்துக்குப் புது ஆள் வரும்போது சில ஓனர்கள், "ஆள் மாறுது, ஒரு மாச வாடகை தனியா குடுங்க" என்று கேட்பதுண்டு. வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் வாய் திறக்காமல் கொடுத்துவிடுகிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அக்ரிமென்ட்டை எடுத்துப் படியுங்கள். யார் யார் பெயரில் இருக்கிறது, ஆள் மாறினால் கட்டணம் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். எழுதியிருந்தால் நீங்கள் கையெழுத்துப் போட்டது. தொகையைக் குறைக்கச் சொல்லிப் பேசிப் பார்க்கலாம். எழுதவில்லை என்றால் முத்திரைத்தாள், டைப் கூலி, பதிவுச் செலவு என்று உண்மையில் ஆகிற செலவை மட்டும் கொடுப்பதே நியாயம். அதற்கும் ரசீது கேளுங்கள்.

அடுத்து, பழையவர் போவதற்கு முன்பே ஓனரிடம் சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது. அதனால் புது ஆளின் பெயரைச் சேர்த்து ஒரு துணை ஒப்பந்தம் போட்டு, எல்லாரும் கையெழுத்திடுங்கள். அக்ரிமென்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவரே கிளம்புகிறார் என்றால், புதிதாகவே போட்டுவிடுவது நல்லது. ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள்.

இனி அட்வான்ஸ். சண்டை வருவதே இங்கேதான். வாடகை 12,000, அட்வான்ஸ் 36,000, ஆளுக்கு 12,000 போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓனர் கையில் இருப்பது அப்படியே இருக்கும். புது ஆள் தன் 12,000-ஐப் பழையவரிடம் கொடுப்பார். ஆனால் கொடுப்பதற்கு முன் நால்வரும் வீட்டை ஒரு சுற்றுப் பாருங்கள். பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள் போயிருக்கும், சிங்க் குழாய் ஒழுகும். அதை ரிப்பேர் பண்ண 900 ரூபாய் ஆகும் என்றால், போகிறவர் பங்கு 300-ஐக் கழித்து 11,700 கொடுத்தால் போதும். இதைச் செய்யாவிட்டால், ஒரு வருஷம் கழித்து ஓனர் பிடிக்கிற பணம் புதிதாக வந்தவர் தலையில் விழும். பாவம், அவர் உடைக்காத தாழ்ப்பாளுக்கு அவர் ஏன் கொடுக்கணும்? சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள்.

கரன்ட் பில்லையும் அன்றே முடித்துவிடுங்கள். நம் ஊரில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதானே, நடுவில் ஆள் மாறினால் கணக்கு குழம்பும். கிளம்புகிற நாளில் மீட்டரைப் போட்டோ எடுங்கள். மொத்தம் 240 யூனிட் ஓடி, அதில் 120 அதுவரை ஓடியது, பில் 420 ரூபாய் என்றால், பாதி 210. போகிறவர் பங்கு 70 ரூபாய்.

பெயின்ட் காசு கேட்டால்? அதே சட்டத்தின் அட்டவணையில் வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் ஓனர் பொறுப்பு, அக்ரிமென்ட்டில் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய. அட்வான்ஸும் அப்படித்தான்: வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. எல்லாரும் காலி செய்தால், பாக்கி போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரணும். இதெல்லாம் தமிழ்நாட்டுக்கு மட்டும். எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் வீடு எடுத்தால் கர்நாடகச் சட்டம்.

அப்புறமும் ஓனர் பிடிவாதம் பிடித்தால், எதற்காகக் கேட்கிறார் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். கோபத்தில் தண்ணீரையோ கரன்டையோ நிறுத்தினால் அது சட்டப்படி தவறு. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் வாடகை அதிகார அமைப்பாக இருப்பார், அவரிடம் மனு கொடுக்கலாம். மனுவோடு அக்ரிமென்ட், வாடகை ரசீதுகள், அந்த போட்டோக்கள் எல்லாவற்றின் நகலையும் இணையுங்கள்.